பத்தொன்பதாவது வாரம்

"இல்லம்மா, ஒண்ணும் கிடையாது. இந்த ஊர்ல கேசட்டு எங்க நிக்கும்? எல்லாம் உப்புக் காத்துல போயிடுச்சி" என்றார் சகாதேவன்.

சொல்லி முடித்ததும் அவருக்கே கூசியது. உப்புக் காற்றின் மேல் அவர் பழி போடுவது இது முதல் முறை அல்ல.

அவருடைய ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்த பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அஸ்வினி என்று பெயர் சொன்னாள். சென்னையிலிருந்து வந்திருந்தாள். தொண்ணூற்றாறில் ஒரு தனியார் சேனலில் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வந்துகொண்டிருந்த 'தாளம் புதுசு' என்ற பாப் இசை நிகழ்ச்சியைத் தேடுகிறாளாம். அதில் சினிமாப் பாட்டு கிடையாது. புதுப் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கீபோர்டும் டிரம்பேடும் வைத்துக்கொண்டு பாடுவார்கள். அந்தச் சேனல் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மூடுவதற்கு முன்பே, டேப்பை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்தப் பாட்டுகளின் மேலேயே சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். இனி யார் வீட்டிலாவது, பழைய கேபிள்காரர் யாரிடமாவது பதிந்தது கிடந்தால்தான் உண்டு. அப்படித் தேடித் தேடி இருபத்தாறு வாரங்களில் இருபத்து மூன்றைப் பிடித்துவிட்டார்களாம். ஒன்று தேனியில் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பரணில் இருந்ததாம்.

"பத்தொன்பதாவது வாரத்துக்குத்தான் சார் ரொம்ப அலையறோம். அதுல உங்க ஊர்க்காரங்க ஒருத்தங்க பாடியிருக்காங்க. மலர்கொடின்னு. தெரியுமா?"

"தெரியும்."

"காலையில அவங்க வீட்டுக்குத்தான் போயிருந்தேன். பாவம் சார், அவங்க பாடினத அவங்களே பாத்ததில்லையாம். அன்னிக்குன்னு பாத்து ஊர்ல கேபிள் வரலையாமே?"

சகாதேவன் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்தார். உள்ளே காகிதம் ஒன்றும் இல்லை. மூடினார்.

"ஆமாம்மா. கனெக்டர் துருப்புடிச்சிடுச்சி."

அவள் தன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். வெயிலில் அவள் முதுகு சிறுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையில் ஆள் வந்ததும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கனெக்டர் துருப்பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அவரும் மலர்கொடியும் ஒரே இன்னிசைக் குழுவில் பாடினார்கள். அவருக்கு இருபத்து நாலு வயது, அவளுக்கு இருபது. அவள் அப்பா பலராமனுக்கு உப்பளத்தில் வேலை. அவளும் காலையில் உப்பு வாரிவிட்டு, குளித்து, தலை காயாமல் ஒத்திகைக்கு வருவாள். 'தாளம் புதுசு' தேர்வுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் சென்னைக்குப் போனார்கள். சகாதேவனை இரண்டாவது வரியிலேயே போதும் என்று கை காட்டி நிறுத்திவிட்டார்கள். அவள் முழுப் பாட்டையும் பாடினாள். முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கீபோர்டுக்காரர் எழுந்து நின்றார். திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சிண்ணே, அதான்." அவருக்குத் தொண்டை கட்டவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அப்புறம் அவர் பாடுவதை விட்டுவிட்டு, மாமனார் உதவியில் கேபிள் லைன் எடுத்தார். ஐந்து மாதத்தில் மலர்கொடி பாடிய வாரம் வந்தது. மே மாதம், உப்பு நன்றாக விளைகிற பருவம். பலராமன் அன்று காலையிலேயே உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். நேயர்கள் கார்டு போட்டால்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். பாட்டு முடிந்ததும் திரையில் ஒரு எண் காட்டுவார்கள். அந்த எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

ஆறு இருபத்தைந்துக்கு சகாதேவன் தெருவுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். யோசித்துச் செய்ததா, கை தானாகப் போனதா என்று இன்றுவரை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ஊரில் எல்லா டிவியிலும் புள்ளி விழுந்தது. உள்ளே அவர் அறை டிவியில் மட்டும் படம் தெளிவாக ஓடியது. விசிஆரில் ஒரு கேசட்டைப் போட்டுப் பதிவும் செய்தார்.

பத்து நிமிடத்தில் பலராமன் ஓடி வந்தார். அறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு இவர் வாசலிலேயே நின்று பேசினார்.

"என்னப்பா சகா, ஒண்ணும் வரலியே!"

"உப்புக் காத்து சித்தப்பா. மாடியில கனெக்டரு துருப்புடிச்சிடுச்சி."

கடலோரத்துக் கேபிள்காரன் எவனும் சொல்கிற பதில் அது. யாரும் மறு கேள்வி கேட்டதில்லை. பலராமனும் கேட்கவில்லை.

"துணி ஏதாச்சும் இருந்தா குடு, நான் ஏறித் தொடச்சிப் பாக்கறேன்."

துணியும் கிரசின் பாட்டிலும் எடுத்துக் கொடுத்தது சகாதேவன்தான். பலராமன் மாடியில் டிஷ்ஷுக்கு அடியில் குனிந்து தேய்த்துக்கொண்டே, "இப்ப வருதாப்பா?" என்று கத்தினார். இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளேயிருந்து, "இன்னும் வரல சித்தப்பா" என்றார். அப்போது திரையில் மலர்கொடி, யாரிடமோ இரவல் வாங்கிய ஜீன்ஸ் சட்டையில், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து நான்கு தடவை கேட்டார் பலராமன். நான்கு தடவையும் இவர் பதில் சொன்னார்.

எண் தெரியாமல் யாரும் கார்டு போடவில்லை. மலர்கொடிக்கு அடுத்த சுற்று இல்லை. அவள் பாடவே இல்லை, அப்பனும் மகளும் சேர்ந்து கதை கட்டினார்கள் என்று பேச்சு கிளம்பியது. வெளியூரில் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்திருக்கலாம். அவர்கள் வந்து சாட்சி சொல்லவா போகிறார்கள்? உப்பளத்தில் சொன்ன நேரத்துக்கு லாரி வராவிட்டால் "பலராமன் டிவி" என்பார்கள். மோட்டார் இரைந்துவிட்டுத் தண்ணீர் எடுக்காவிட்டாலும் அதேதான். அவர் சாகும்வரை அந்தப் பேச்சு போகவில்லை. செத்து ஒன்பது வருடம் ஆகியும் போகவில்லை.

கேசட்டை சகாதேவன் அழிக்கவில்லை. இரண்டு தடவை கல்யாண வீடியோ பதிய எடுத்துவிட்டு, திருப்பி வைத்துவிட்டார். பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிப் பரண்மேல் வைத்தார். நல்ல பாட்டு அது. அதுதான் காரணம்.

அஸ்வினி வந்துபோன மறுநாள் மத்தியானம் ஏணி போட்டு டின்னை இறக்கினார். திறந்தால் டப்பாவின் உள்பக்கம் துரு. கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ஆனால் நாடா அறுந்திருக்கவில்லை. கொடுத்துவிடலாம். ஆனால் கேசட் இருக்கிறது என்றால் அன்று லைன் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எப்படிக் கொடுப்பது? மூன்று நாள் அதைக் கடை டிராயருக்குள் வைத்துக்கொண்டு திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நாலாம் நாள் ஒரு வழி தோன்றியது. போன் போட்டார்.

"உனக்காக விசாரிச்சேம்மா. பாண்டிச்சேரியில ஒரு சிநேகிதர் கேபிள் வச்சிருந்தாரு. அவருகிட்ட பழசு ஒண்ணு கெடந்துது, வாங்கியாந்திருக்கேன்."

அந்தப் பெண் போனிலேயே கூவிவிட்டாள். சகாதேவனுக்கும் மனசு லேசானது போல இருந்தது. பாட்டும் பிழைத்தது, பேரும் பிழைத்தது. இப்படி ஒரு நிம்மதி தனக்கு வந்ததை நினைத்துத்தான் பின்னால் அவர் எல்லாவற்றையும்விட அதிகம் கூசிப்போனார்.

மூன்று வாரம் கழித்து அஸ்வினி லேப்டாப்போடு வந்தாள். "நீங்க இல்லாம எப்படி சார்?" என்று அவரையும் மலர்கொடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவரும் கூடவே போனார்.

மலர்கொடி அப்போதுதான் உப்பளத்திலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இப்போது பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. உங்களாலதான் கெடச்சிதாமே. ஒரு டீ கூட வாங்கிக் குடுக்காத எனக்குப் போயி பாண்டிச்சேரி வரைக்கும் அலைஞ்சீங்களா?"

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு வேல்முருகன், அவள் பெரியப்பா மகன், வாசல்படியில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, இன்னிக்காவது வருமா, இல்ல இன்னிக்கும் பலராமன் டிவிதானா?" என்றார்.

"வாய மூடிக்கினு பாரு" என்றாள் மலர்கொடி.

படம் வந்தது. முதலில் கோடு கோடாக நெளிந்து, பிறகு நின்றது. இருபது வயது மலர்கொடி ஜீன்ஸ் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். வேல்முருகன் படியிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"அடியே... நீதான்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அஸ்வினி குதூகலமாகத் திரையின் கீழ்ப்பகுதியைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்கம்மா, கீழ எழுத்து ஓடுது பாருங்க. 'சகா கேபிள் விஷன், மரக்காணம். ஜெயினம்பு ஜவுளி ஸ்டோர், கோடை தள்ளுபடி.' சார், உங்க சிநேகிதரு பாண்டிச்சேரின்னீங்க, ஆனா இது உங்க ஊர் லைன்ல பதிஞ்சது! எங்க பதிஞ்சதுங்கறதுக்கு எங்களுக்கு இதான் சார் பெரிய ஆதாரம்."

சகாதேவன் அந்த எழுத்தைப் பார்த்தார். டிஷ்ஷிலிருந்து வரும் படம் முதலில் விளம்பரம் ஓட்டும் மிஷினுக்குப் போகும். அங்கிருந்து விசிஆருக்கு. அப்புறம்தான் தெருவுக்கு. அவர் பிடுங்கியது தெருவுக்குப் போகும் ஒயரை மட்டும். எழுத்து தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது அன்று அவர் கண்ணில் படவேயில்லை. அவர் பாடுகிறவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்கொடி கையை வாயிலிருந்து எடுத்தாள். முப்பது வருடம் கழித்துத் தன் முகம் எதிரே பாடிக்கொண்டிருக்க, அவள் கண் கீழே ஓடும் எழுத்தையே படித்துக்கொண்டிருந்தது. ஜவுளிக் கடை போய், சைக்கிள் கடை போய், மறுபடி ஊர்ப் பெயர் வந்தது. பாட்டு முடிந்தது. திரையில் பெரிதாக எண் ஏழு.

"ஏழா?" என்றார் வேல்முருகன். "இந்த ஒரு நம்பர் தெரியாமத்தான அத்தினி கார்டும் வீணாப் போச்சி?"

அஸ்வினி ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். அடுத்த குடத்தையும் வைத்தார்கள்.

"அன்னிக்கி லைன் வந்திருக்குது" என்றாள் மலர்கொடி.

"வந்துது."

"எங்கப்பா மாடியில நின்னுக்கினு கேட்டப்ப?"

"அப்பவும் வந்துது."

"ஏண்ணே?"

இந்தக் கேள்விக்கு அவர் பல வருடங்களாகப் பல பதில்களை உண்டாக்கி வைத்திருந்தார். அவற்றில் இல்லாத ஒன்றைத்தான் சொன்னார்.

"என்னை ரெண்டாவது வரியிலயே நிறுத்திட்டாங்க மலரு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

வேல்முருகன் அடிக்கப் போகிறவர் போல ஓர் அடி முன்னால் வந்தார். மலர்கொடி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ உக்காரு" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவள் அழவில்லை, கத்தவில்லை. உப்பு ஒட்டியிருந்த மணிக்கட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாட்டு எப்படி இருந்துது? நீதான பாத்த, ஊர்ல நீ ஒருத்தன்தான."

"நல்லா இருந்துது. ரொம்ப நல்லா இருந்துது மலரு."

"ம்."

முந்தானையை உதறிவிட்டு அவளே பேசினாள். "இந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க தெருவுல ஸ்கிரீன் கட்டிப் போடறேன்னுது. உப்பளத்து ஜனமெல்லாம் வரும். படம் போடறதுக்கு முன்னாடி நீ எழுந்து நடந்ததச் சொல்லு. எங்கப்பா பொய் சொல்லலன்னு உன் வாயால வரணும். நான் சொன்னா மறுபடியும் கதை கட்டறான்னுதான் சொல்லுவானுங்க."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் அவரை நீ என்று பேசிக்கொண்டிருந்தாள். அவருக்கு அது சரியென்றே பட்டது.

"வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் ஜனம் கூடிவிட்டது. அறுபது பேருக்குக் குறையாது. அன்று கார்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் மலர்கொடி தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தாள். மைக் செட் வைக்கலாமா என்று அஸ்வினி கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

சகாதேவன் திரைக்கு முன்னால் வந்து நின்றார். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். வேட்டியை ஒரு தடவை சரிசெய்தார். தரையைப் பார்த்தபடி, அந்தச் சனிக்கிழமை கேபிள் பழுதாகவில்லை என்றும், ஒயரைப் பிடுங்கியது தான்தான் என்றும், பொறாமையில் செய்தது என்றும், பலராமன் சித்தப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்றும் சொன்னார். எப்படியோ முடித்துவிட்டார். ஓரமாக ஒதுங்கலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தார்.

"ஏம்பா, சத்தமா சொல்லுப்பா" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவரின் குரல். "இங்க ஒண்ணுமே கேக்கல."

சகாதேவன் மலர்கொடியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்னும் எதுவும் ஓடாத வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றார். நிமிர்ந்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.