கோல் கீப்பரின் ராச்சோறு

அந்த வருஷம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்தாட்டக் குழுவுக்கு ஜெயிப்பது என்றால் என்னவென்றே மறந்துபோயிற்று. லுக்குட் ஊர்க்காரர்களிடம் தோற்றோம். தெமியாங்கிலிருந்து வந்த கடைப் பையன்களிடம்கூடத் தோற்றோம். சாக்குமூட்டை தூக்கவே திணறுகிற பயல்கள், எங்களைப் புரட்டி எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே லாரி ஏறினார்கள். நான்தான் கேப்டன். மானம் போனது முதலில் எனக்குத்தான்.

தோற்றால் தோற்றது என்று விட்டுவிடக்கூடிய காலமா அது? மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் எமர்ஜென்சி. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. வீட்டில் ஒரு பிடி அரிசி வைத்திருக்க முடியாது. பொதுச் சமையற்கட்டில் ஆக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகிற பெண்களின் வாளிக்குள்ளும் கையை விட்டுத் துழாவுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் துரை, பந்தாடுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் சோறும் முட்டையும் போட உத்தரவு போட்டிருந்தார். மற்ற தோட்டத்துத் துரைமார் முன்னால் அவருக்குக் கோப்பை வேண்டும். தின்றுவிட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தால், 'உண்மையில் தின்பது யார்?' என்ற கேள்வி வராமலா இருக்கும்?

வந்தது. வந்தபின் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வீரமுத்து என் தட்டைப் பார்த்தான், நான் ஆறுமுகத்தின் வயிற்றைப் பார்த்தேன். ஆபீஸ் கிராணியிடம் போட்டுக்கொடுப்பவன் நமக்குள்ளேயே இருக்கிறான் என்று ஒவ்வொருவனும் அடுத்தவனை நினைத்தான்.

கடைசியில் எல்லாக் கண்களும் போய் நின்றது சன்னாசி மேல். கோல் கீப்பர் அவன். என் தங்கை செல்லத்தின் புருஷன். வருஷத் தொடக்கத்தில் தூண்மாதிரி நின்றவன், மாதத்துக்கு மாதம் வற்றிக்கொண்டே வந்தான். நேராக வந்த பந்துக்குக்கூட அவன் கை எட்டுவதற்குள் கோல் விழுந்திருக்கும். ராத்திரிச் சோற்றை நாங்கள் சமையற்கட்டு வாசலிலேயே உட்கார்ந்து தின்போம். அவன் மட்டும் துணியால் மூடி வீட்டுக்கு எடுத்துப்போவான்.

நானும் சந்தேகப்பட்டேன். என் மாப்பிள்ளைதான், இருந்தும் பட்டேன். அப்பாவிபோல இருப்பவன்தான் காட்டுக்குச் சோறு அனுப்புவான் என்று என் புத்தி சொன்னது.

சிரம்பானிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து அவனை ஆபீசில் உட்கார வைத்துக் கேட்டார். நன்றாகத் தமிழ் பேசுகிற மனிதர், அதனால் இன்னும் பயம். சன்னாசி ஒரே பதிலைத்தான் சொன்னான்: "காட்டுக்கு ஒண்ணும் கொடுக்கலீங்க." சோறு எங்கே போகிறது என்றால் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. முதலில் தடுப்பு முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். ஞாயிறு வரைக்கும் ஏன் விட்டார்கள் என்றால், துரைக்கு வேறு கோல் கீப்பர் இல்லை.

அன்று சாயங்காலம் செல்லத்தை நிறுத்திக் கேட்டேன். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

"உண்மையச் சொல்லு. சோறு எங்க போவுது?"

"என் வயித்துக்குள்ளதாண்ணே போவுது" என்று அழுதாள். "மொத ஆட்டத்துல சுலபமான பந்த விட்டுட்டாருல்ல? அன்னைக்கே முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டாரு. நம்ம டீம் ஜெயிக்கிற வரைக்கும் ராத்திரிச் சோறு தொடமாட்டாராம். எனக்குப் போட்டுட்டுத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கிறாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் கை வந்தது. பட்டினி கிடப்பதால் பந்தை விடுகிறான். பந்தை விடுவதால் தோற்கிறோம். தோற்பதால் பட்டினி கிடக்கிறான். இப்படி ஒரு கூறுகெட்டவனுக்கா தங்கையைக் கொடுத்தேன்!

"இதைப் போலீஸ்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வேண்டிக்கிட்டவரு வெளியாளுகிட்ட வாயால சொன்னா பலிக்காதுண்ணே. நீயே போய்ச் சொன்னாலும் அவரக் கூப்பிட்டுக் கேப்பாங்க. இல்லன்னுதான் சொல்வாரு."

சொல்வான். அவனை எனக்குத் தெரியும். அவன் வாய் திறக்க ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜெயிக்க வேண்டும். வருவதோ லிங்கித் தோட்டத்துக் குழு. நாங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் அவர்களை ஜெயிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு லிங்கிக்குப் போனேன். அவர்களுடைய கேப்டன் அர்ச்சுனன், ஸ்டோருக்குப் பின்னால் வாளி கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"யார் அனுப்புனா ஒன்னைய? இன்ஸ்பெக்டரா?"

"யாரும் அனுப்பல லா. தங்கச்சி புருஷன். புள்ள பொறக்கப் போவுது."

"நான் சரின்னு சொல்வேன், நாளைக்கு என்னைய வந்து புடிப்பாங்க. போயிரு. நீ வரவே இல்ல, நான் ஒன்னைப் பாக்கவே இல்ல."

திரும்பி வரும்போது கேட்டில் காவல்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வேலிக்குள் இருந்த திடலில் ஆட்டம். இன்ஸ்பெக்டர் துரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி கேட்டருகே நின்றது. இடைவேளை வரை கோல் விழவில்லை. அர்ச்சுனனுக்கு ஒருமுறை ஆளில்லாத கோல் கிடைத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவன் விடமாட்டான், அன்று மட்டும் மேலே தூக்கி அடித்தான். அப்புறம் எங்கள் வீரமுத்து உருட்டிவிட்ட ஒரு செத்த பந்துக்கு அவர்களுடைய கீப்பர் எதிர்ப்பக்கம் விழுந்தான். கோல்! திடலே கத்தியது. நான் மட்டும் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தேன்.

கடைசி நேரத்தில் லிங்கிப் பையன் ஒருவன், அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், முழு பலத்தோடு அடித்தான். அந்த எலும்புக்கூடு சன்னாசி எப்படித்தான் பறந்தானோ, பிடித்துவிட்டான். அந்தப் பந்து நிஜம். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

விசில் ஊதியதும் அவன் மண்ணில் விழுந்து கும்பிட்டான். எழுந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், "இப்பச் சொல்றேங்க" என்று எல்லாவற்றையும் சொன்னான். அவர் செல்லத்தை விசாரித்தார். சன்னாசியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போய்ச் சாப்பிடு" என்றார்.

செல்லம் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பொழுது சாய்ந்திருந்தது. கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து அவன் பிசைந்த பிசைவைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"தங்கராஜு" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "வருஷம் பூரா தோத்தீங்க. நான் இவனக் கொண்டு போக வந்த அன்னைக்கு ஜெயிக்கிறீங்க. நீ வெள்ளிக்கிழமை லிங்கிக்கு எதுக்குப் போன? யாருக்கு என்ன சேதி கொண்டு போன?"

சன்னாசி நாலு எட்டுத் தூரத்தில் இருந்தான். சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் நின்றது. ஜெயிக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சப் போனேன் என்று சொன்னால் நான் தப்பிப்பேன். ஆனால் முனியாண்டி கொடுத்த ஜெயமில்லை, மச்சான் கேட்டு வாங்கிய ஜெயம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். நாங்கள் நிஜமாக ஜெயிக்கும் வரை அவன் உயிரோடு இருப்பானா?

அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சும்மாதாங்க போனேன்" என்றேன்.

"சும்மாவா?"

"ஆமாங்க."

காவல்காரன் என் தோளைப் பிடித்தான். சன்னாசி பாதி எழுந்துவிட்டான்.

"மச்சான், என்ன? என்ன கேக்குறாரு?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நீ சாப்பிடு."

அவன் உட்கார்ந்து அடுத்த கவளத்தை வாயில் வைக்கும் வரை நான் லாரியில் ஏறவில்லை.