டிஸ்க்கில் ஒன்றுமில்லையாம்

“டிஸ்க்ல ஒண்ணுமே இல்லம்மா. திரும்ப ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க,” என்றார் ஆஸ்பத்திரிப் பதிவறை உதவியாளர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தையல் டீச்சருக்குச் சுருக்கென்றது. திரும்பவா? முந்தாநாள்தான் அவருடைய கணவர் அந்த ஸ்கேன் குழாய்க்குள் நாற்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் மல்லாந்து கிடந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி முதுகெலும்பைத் தொலைத்தவர். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்தாலே உயிர் போய் உயிர் வரும். வெளியே வந்தபோது கடித்த உதட்டில் ரத்தம் கசிந்திருந்தது. இப்போதும் உட்கார முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முதுகுல இருக்கிற டிஸ்க்கும் சரியில்ல, கையில இருக்கிற டிஸ்க்கும் சரியில்லயா?” என்று சிரிக்கப் பார்த்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்து, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கொழுந்தனுக்கு போன் போட்டார்.

“அண்ணி, பளபளன்னு இருக்கிற பக்கத்துல கீறல் இருக்கா?”

“இல்லப்பா. விரல் ரேகைகூட இல்ல.”

“அப்போ வேற ஏதாவது நல்ல டிஸ்க்க அதே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதையும் படிக்கலன்னா கோளாறு டிரைவ்லதான். உள்ள இருக்கிற லென்ஸ்ல தூசி அடைஞ்சா எல்லா டிஸ்க்கும் அதுக்கு வெறும் டிஸ்க்தான்.”

டீச்சர் திரும்பி வந்து அதையே சொன்னார். உதவியாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“எங்க வேலைய எங்களுக்கே சொல்லித் தரீங்களா? பின்னால எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்க.”

“தையல் விட்டுப் போனா நாங்க முதல்ல ஊசியத்தான் பாப்போம். துணியத் தூக்கி எறிய மாட்டோம். இன்னொண்ணு போட்டுப் பாக்க எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?”

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் உறையை முன்னால் நீட்டினார். “எனக்கும் போன வாரம் இதையேதான் சொன்னாங்க. இது ரெண்டாவது தடவ எடுத்தது. இதையே போடுங்க.”

வேறு வழியில்லாமல் உதவியாளர் போட்டார். டிரைவ் கிர்ர்ரென்று இழுத்தது, இரண்டு முறை முனகியது, அடங்கியது. ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்றது திரை. பெரியவரின் முகம் வெளுத்துப் போனது.

“உங்க பிரிண்டரோட வந்த டிஸ்க் இருக்குமே, அதப் போடுங்க,” என்றார் டீச்சர்.

அதற்கும் அதே கிர்ர். அதே வாசகம்.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் பார்க்க வந்த டாக்டரம்மாவின் நர்ஸ் வந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். டீச்சரின் டிஸ்க்கை வாங்கிப்போய் உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் பஸ் ஓட்டுநரின் முதுகெலும்பு, ஒவ்வொரு கண்ணியாக, பளிச்சென்று திரையில் வந்து நின்றது.

உதவியாளர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “கொஞ்ச நாளாவே இந்த டிரைவ் மக்கர் பண்ணுது. நானும் மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன். யாரும் வந்து பாக்கல. நான் என்ன பண்றது?”

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“தெரிஞ்சேவா சொன்னீங்க? உங்க பேச்ச மதிக்காதவங்கமேல காட்ட வேண்டிய கோபத்த எங்க முதுகுலயா காட்டுவீங்க? டிரைவ் ரிப்பேர்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா?”

உதவியாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே உறை உறையாக டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் மேலும் நோயாளியின் பெயர், போன் நம்பர், கூடவே ‘காலி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. டீச்சரே எண்ணினார். பத்தொன்பது.

“போன எடுங்க,” என்றார். “ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க, உங்க டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னு.”

“இப்பவா?”

“இப்பவேதான். நான் இங்கயேதான் நிக்கப் போறேன்.”

கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, “விடும்மா, நம்ம வேலைதான் முடிஞ்சுதே,” என்றார். டீச்சர் அவரை டாக்டரம்மாவின் அறைக்குள் அனுப்பிவிட்டு, மேசை முன்னாலேயே நின்றார். வகுப்பில் பிள்ளைகள் காத்திருப்பார்கள், காத்திருக்கட்டும். பெரியவரும் கைத்தடியை ஊன்றி அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதல் நான்கு பேரில் இருவர் ஏற்கெனவே மறுபடி குழாய்க்குள் போய் வந்துவிட்டார்கள். ஐந்தாவது, ஒரு பெண். ஸ்கேன் அறை வாசலில் பெயர் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருந்தாளாம். “வேண்டாம்மா, எழுந்து வந்துடுங்க,” என்று உதவியாளர் அவசர அவசரமாகச் சொன்னார்.

கணவருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்று டாக்டரம்மா சொன்ன செய்தி வந்தபோது, பதினோராவது எண்ணுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் தலையை ஆட்டினார். கோபம் மட்டும் இம்மியும் இறங்கவில்லை.

“எடுக்கலன்னா மறுபடி போடுங்க,” என்றார்.