அக்காவுக்கு எட்டாத சலைன்

காலரா பரவிய ஊரில் இருந்த அக்காவைக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்றுதான் லிஃப்ட் மெக்கானிக் விமானம் ஏறிப் போனான். அவள் குடியிருந்தது மூன்றாவது மாடி. படிக்கட்டுதான். கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட விடுறவனுக்கு மூணு மாடி ஏறினா மூச்சு வாங்குது பாரு!"

ஆனால் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டாள். மாமா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இந்த நேரத்தில் அவருக்கு லீவு ஏது?

"இந்த மனுஷனைத் தனியா விட்டுட்டு வந்தா வேளைக்குச் சாப்பிடக்கூட மாட்டார்டா. நீ போ."

அவன் கிளம்புகிற அன்று பழம் நறுக்கி வைத்தாள். ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை, குளியலறைக்குப் போனவனால் எழுந்து வர முடியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கண்கள் குழி விழுந்து, விரல்தோல் சுருங்கி, குரலும் அடைத்துப் போனது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மனைவி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள்.

எங்கே போய் வந்தான் என்று கேட்டதுமே டாக்டருக்கு விளங்கிவிட்டது. தனி அறையில் போட்டு, இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். ஒரு சலைன் பாட்டில் தீருமுன் அடுத்தது வந்து நின்றது. மனைவியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் குரல் வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான். மாமா எடுத்தார்.

"அவளுக்கும் வயித்தால போகுது மாப்ளே. ஆஸ்பத்திரி வாசல்ல தரையிலதான் படுக்க வச்சிருக்கேன்."

"சலைன் ஏத்தலையா மாமா?"

"தீர்ந்து போச்சாம். வண்டி வருது, வருதுங்கறாங்க."

"உப்பு, சர்க்கரை கலந்து தண்ணியாவது குடுங்க!"

"குடுக்காம இருப்பேனா? ஒரு மடக்கு உள்ள போனா ரெண்டு மடக்கு வெளிய வருது."

போனை அவள் காதில் வைக்கச் சொன்னான். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டான். மூச்சு மட்டும் கேட்டது.

பாட்டிலை மாற்ற வந்த நர்ஸிடம் கெஞ்சி டாக்டரை வரவழைத்தான். "எனக்கு இது போதும் சார். அங்க யார்கிட்டயாவது பேசி அவளுக்கு ஒண்ணே ஒண்ணு ஏத்தச் சொல்லுங்க சார்."

டாக்டர் அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். "லைனே போகலைங்க" என்றார். அவன் முகத்தை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். கால் தரையில் நிற்கவில்லை. நர்ஸ் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்து, மறுபடியும் ஊசி குத்தினாள். சின்னப் பிள்ளை போல விசும்பிக்கொண்டே கையை நீட்டினான்.

விடிந்ததும் மாமா கூப்பிட்டார்.

"மாப்ளே... சலைன் வண்டி இப்பத்தான் வந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் உடைந்து அழுவதுதான் கேட்டது.

சற்று நேரத்தில் டாக்டர் வந்து நாடி பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே திரும்பி, ஆபத்து நீங்கிவிட்டது என்று மனைவிக்குச் சைகை காட்டினார். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழத் தொடங்கினாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் பார்த்துக்கொண்டே கிடந்தான்.