பார்க்காமல் போட்ட கையெழுத்து

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்த அன்று, கோபி வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற சாக்கில் அழுதான். இருபது வருடம் கட்சிக்குச் சுவரெழுதி, கொடி கட்டி, இந்தத் தடவை சீட்டு தனக்குத்தான் என்று நம்பியிருந்தவன். மறுநாளே மனைவி சுமலதாவின் பெயரில் விருப்ப மனு கொடுத்தான். ஓசூரில் சுவிட்ச் கோர்க்கும் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவளிடம், "நீ நின்னா போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

நின்றாள். கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கம் பிறந்தவள் என்பதால் வீட்டுக்கு வீடு கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசி ஓட்டுக் கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தாள்.

பதவியேற்ற பிறகோ, வார்டில் கவுன்சிலர் என்றால் கோபிதான். போன் அவனிடம், முத்திரை அவனிடம். மாதம் ஒரு முறை லெட்டர் பேடில் பத்துத் தாளை நீட்டுவான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து வெறுந்தாளில் கையெழுத்துப் போடுவாள். மாமன்றக் கூட்டத்துக்கு மட்டும் அவளே போக வேண்டியிருந்தது. அங்கே அவள் வாய் திறந்ததெல்லாம் டீ வேண்டாம் என்று சொல்லத்தான்.

மூன்றாவது வருட ஐப்பசி மழையில், தெருத்தெருவாகச் சாமந்தி விற்கும் மாரம்மா சாக்கடைக் கால்வாயில் விழுந்தாள். தண்ணீர் நிறைந்து தெருவும் கால்வாயும் ஒன்றாகிவிட்டிருந்தன. மேலே மூடி இல்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

சுமலதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாரம்மா கோபப்படவில்லை.

"நோவு ஜாஸ்திம்மா," என்றவள், "கால்வாய் வேலை முடிஞ்சிடுச்சு, கவுன்சிலரம்மாவே பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு கான்ட்ராக்டர் ஆளு சொன்னான். நீ எப்பம்மா வந்து பாத்த?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டுகிற கேள்வி இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுமலதா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாநகராட்சிப் பொறியாளர் பிரிவுக்குப் போய்க் கோப்பைக் காட்டச் சொன்னாள். பணி திருப்திகரமாக முடிந்தது என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து.

வீட்டில் கோபி மறைக்கவில்லை. "கான்ட்ராக்டர் நாலு நாள்ல மூடி போட்டுடறேன்னான். பழகின ஆளு, நம்பி லெட்டர் குடுத்துட்டேன்."

"என் கையெழுத்துங்க அது."

"சரி, நாளைக்கே போடச் சொல்லிடறேன். யாருக்கும் தெரியாது, விடு."

"மாரம்மாவுக்குத் தெரியுமே."

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் சுமலதா எழுந்தாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எங்க வார்டுல கால்வாய் வேலை முடிஞ்சதுன்னு நான் குடுத்த லெட்டர் பொய்யிங்க. நான் போய்ப் பாக்கல. வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னோடது. அந்த லெட்டர ரத்து பண்ணுங்க."

அவள் கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவர் முன்வரிசையிலிருந்து திரும்பினார். "உக்காரும்மா, அப்பறம் பேசிக்கலாம்."

"பதிவு பண்ணிட்டீங்களான்னு சொல்லுங்க. உக்கார்றேன்."

பதிவு செய்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒன்பது நாளில் கால்வாய்க்கு மூடி வந்தது. ஒப்பந்ததாரருக்கு அந்த வார்டில் வேறு வேலை கிடைக்கவில்லை. கட்சியில் விளக்கம் கேட்டார்கள். அடுத்த தேர்தலில் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் சீட்டு கிடையாது என்று கோபியை அழைத்துச் சொல்லிவிட்டார்கள்.

"என் இருபது வருசத்த ரெண்டு நிமிசத்துல முடிச்சிட்டியே" என்றான் கோபி. அவன் சொன்னது உண்மை. ஆனால் அவள் போனையும் முத்திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. பிறகு வீட்டு விஷயம் மட்டும் பேசினான்.

சுமலதா இப்போது தினமும் காலையில் வார்டைச் சுற்றி நடக்கிறாள். மாரம்மாவால் நடந்து விற்க முடிவதில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். கவுன்சிலரைப் பார்த்தால் ஏதாவது குறை சொல்லாமல் விடுவதில்லை. நேற்று தெருவிளக்கு எரியவில்லை என்று திட்டினாள். சுமலதா அந்தக் கம்பத்தடிக்கு நடந்துபோய், அண்ணாந்து பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.