குடுவைக்குள் ஒரு பந்தி

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், பூரணியின் குடுவைக்குள் இருந்த சோப்பு மூலக்கூறுகள் பந்தியில் உட்கார மறுத்துவிட்டன. மறுநாள் காலை தேர்வாளர் வருகிறார். தலை வெளியே, வால் உள்ளே என்று அவை வட்டமாக உட்கார்ந்து காட்டினால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுப் பார்த்த வேலை.

குடுவையில் இருந்தது தண்ணீர் அல்ல, அயனித் திரவம். அடுப்பில் ஏற்றாமலே உருகிக் கிடக்கும் உப்பு. தண்ணீரென்றால் சோப்பு வாலைச் சுருட்டிக்கொண்டு சீக்கிரம் கூடிவிடும். இங்கே பங்காளிகளைப் போலத் தலைக்குத் தலை ஆகவில்லை. நடுவில் அமர்ந்து சமாதானம் செய்ய ஆள் வேண்டும். திரவம் முழுக்க அயனிகள்தான், ஆனால் உள்ளூர்க்காரன் பேச்சை யார் கேட்டார்கள்?

பூரணி வெற்றிலை பாக்கு வைத்து சோடியத்தை அழைத்தாள். வேட்டி மடிப்புக் கலையாமல் அவர் வந்து கரைந்தார். கூடவே குளோரைடு அம்மாளும் வந்தார். உப்பில் பாதி மட்டும் வராது, அது ஊரறிந்த விஷயம். வந்த அம்மாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மனைவி நிற்கும்போது சோடியம் எப்படி உட்காருவார்?

“என்னம்மா கோவம்?” என்றாள் பூரணி, குடுவைப் பக்கம் குனிந்து.

“அவுகளத்தான கூப்ட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

நியாயம்தான். பூரணிக்கு வெட்கமாகிவிட்டது. குங்குமச் சிமிழை நீட்டி முறையாக அழைத்தாள். அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பங்காளித் தலைகளுக்கு நடுவே அமர்ந்தார். சோடியமும் அமர்ந்தார். வால்கள் உள்ளே போயின, பந்தி களைகட்டியது. பூரணிக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் தேர்வாளர் சபாபதி மதுரையிலிருந்து வந்தார். குடுவையைச் சுற்றிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிட்டு, ஆய்வேட்டோடு உள்ளே இறங்கினார். இலை முன்னால் நின்றாரே தவிர உட்காரவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

ஒருமுறை பட்டவள் பூரணி. சிமிழை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

“நீங்களும் வரணும்மா,” என்றாள், சபாபதியின் மனைவி மனோன்மணியிடம்.

“குடுவையில எடம் இருக்கும்ல?” என்று கேட்டுவிட்டு, அவர் பட்டுப்புடவை மாற்றப் போனார்.

சாயங்காலம் ஆய்வேடு மேலே மிதந்து வந்தது. தேர்ச்சி என்று எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் பாயசம் சிந்தியிருந்தது. பூரணி அதைத் துடைத்துவிட்டு, தாம்பூலத் தட்டைக் குடுவைக்குள் இறக்கினாள்.