நீளமாக எழுதிய நாட்கள்

தீ மணி அலறியபோது மணி பன்னிரண்டரை. நான்காம் வகுப்பில் மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இது பயிற்சியா, நிஜமா?"

"பயிற்சின்னா சாப்பாட்டு நேரத்துலயா வைப்பாங்க, மக்கு!"

"ஐயோ, என் ரொட்டி!"

"ரொட்டியை விடு! தொப்பியைப் போடு!" என்று கத்தினேன்.

முப்பத்தொரு நாற்காலிகளின் முதுகிலும் பஞ்சு வைத்துத் தைத்த நிலநடுக்கத் தொப்பிகள் தொங்கும். பிள்ளைகள் அவற்றை இழுத்துத் தலையில் மாட்டினார்கள். அந்த நெரிசலில் யாரோ பரிமாறும் மேசையை இடித்துவிட்டார்கள். ஸ்டூ பாத்திரம் சாய்ந்தது. பரிமாறும் முறை வந்து வெள்ளை ஏப்ரன் கட்டிக் கரண்டியோடு நின்ற மாணவி ரிங்காவின் மணிக்கட்டில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. அவள் வீறிட்டதை மணிச்சத்தம் விழுங்கிவிட்டது.

அவளைச் செவிலியரிடம் அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பனி மூடிய மைதானத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினேன். இருபத்தொன்பது. ரிங்காவையும் சேர்த்தால் முப்பது. ஒன்று குறைந்தது. அது யார் என்று எனக்கு எண்ணுவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

மாடி நடைவழியில், தீ மணியின் சிவப்புப் பெட்டி அருகே சயோ நின்றிருந்தாள். எல்லாரும் தலையில் போட்டிருந்த தொப்பியை அவள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் அம்மா தைத்த தொப்பி அது; மஞ்சள் துணியில் சின்னச் சின்ன முள்ளங்கிகள்.

"நீதான் அமுக்கினியா?"

தலையை ஆட்டினாள்.

"ஏன்?"

தொப்பியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

*

சயோவின் அம்மா இறந்தது போன மார்ச் மாதம். ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கியதும் அந்த வகுப்பு என் கைக்கு வந்தது. அப்பா குவபாரா, நகரப் பேருந்து ஓட்டுநர். விடியும் முன்பே முதல் வண்டியை எடுக்க வேண்டியவர்.

மே மாதம் வழக்கப்படி வீடு வீடாகப் போனேன். அவர் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றேன். ஆசிரியர்கள் உள்ளே போவதில்லை. வாசலோடு பேசிவிட்டு வருவதுதான் இப்போது மரியாதை. அவர் இடுப்பு வளையக் குனிந்து, "பொண்ணால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்றார். நானும் குனிந்து, "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றேன். அவர் தோளுக்குப் பின்னால் சமையலறை மேசை தெரிந்தது. அதில் ஒரு நாற்காலி மட்டும் வெளியே இழுபட்டிருந்தது. அதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

மற்றபடி எங்களுக்குள் இருந்ததெல்லாம் தொடர்பு நோட்டுதான். தினமும் நான் எழுதி அனுப்புவேன். வீட்டில் பார்த்ததற்கு அடையாளமாகச் சின்னக் கட்டத்தில் குடும்பப் பெயர் முத்திரை விழுந்து மறுநாள் திரும்பி வரும். குவபாராவின் முத்திரை எப்போதும் நேராக இருக்கும். மழை நாளில்கூடக் கோணியதில்லை.

ஜூனில் சயோவின் சேட்டைகள் ஆரம்பித்தன. முன் வரிசைப் பையனின் அழிப்பான்களை ஜன்னல் வழியே எறிந்தாள். நீச்சல் வகுப்பில் ஒருத்தியின் துண்டை ஒளித்து வைத்தாள். வகுப்பு மீன்தொட்டியில் சோப்பைக் கரைத்தாள். நான் எழுதினேன். மறுநாள் முத்திரைக்குக் கீழே கனமான கையெழுத்தில் பதில் வந்தது:

'மிகவும் தொந்தரவு கொடுத்துவிட்டாள். வீட்டில் நன்றாகச் சொல்லி வைக்கிறேன்.'

எந்தப் பெற்றோரும் எழுதும் வரிதான். ஆனால் இவர் பதில் போகப் போக நீண்டது. மீன்தொட்டி விஷயத்துக்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை இருந்தது. பெரிய வட்டம் ஒன்று, அதை ஒட்டிச் சின்ன வட்டம் ஒன்று. பார்த்தேன். நோட்டை அழுக்காக்கியிருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் துணைத் தலைமை ஆசிரியர் ஹோரியே என்னை அழைத்தார்.

"கசாமா டீச்சர், அந்த மனுஷனுக்குத் தினமும் குற்றப்பத்திரிகை அனுப்பறீங்களே. பொண்டாட்டியப் பறிகொடுத்தவர். படிச்சுட்டு அவர் என்னதான் பண்ணுவார், பாவம்?"

"சொல்லாம எப்படி சார் இருக்கறது?"

"ஸ்கூல்ல நடக்கறத ஸ்கூல்லயே பாத்துக்கலாம். வீட்டுக்கு நல்லத மட்டும் எழுதுங்க. ரெண்டு வரி போதும்."

கெட்ட யோசனை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். எனக்கும் பாரம் குறைந்தது. டிசம்பர் முதல் 'இன்று சத்தமாக வாசித்தாள்', 'சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை' என்று எழுதினேன். முத்திரை வந்தது. அதன் கீழே எதுவும் வரவில்லை. வீட்டிலும் நிம்மதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில்தான் நிம்மதி இல்லை. ஜனவரியில் ஒருவனின் காலணிகளைப் பனியில் புதைத்தாள். ஒருத்தியின் பின்னலைக் கத்தரித்தாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மட்டும் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் சொல்லித் தெரிந்து, குவபாரா இனிப்புப் பெட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம். நான் நோட்டில் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

தினமும் சாயங்காலம் நோட்டைக் கொடுக்கும்போது சயோ அங்கேயே திறந்து பார்ப்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

"இவ்வளவுதானா டீச்சர்?"

"ஏன், நல்லதுதானே எழுதியிருக்கேன்?"

"ம்ம்" என்று பைக்குள் போட்டுக்கொள்வாள்.

*

மணி அடித்த அன்று நாலு மணிக்கு குவபாரா வந்தார். சீருடையோடு வந்திருந்தார். வெள்ளைக் கையுறைகள் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தன. கையில் நேர்த்தியாகக் காகிதம் சுற்றிய இனிப்புப் பெட்டி.

"ரிங்கா வீட்டுக்கு இங்கிருந்து நேராப் போறேன். கை எப்படியிருக்கு?"

"கொப்புளம்தான். தழும்பு நிக்காதுன்னு டாக்டர் சொன்னாராம்."

அவர் குனிந்தார். நிமிர வெகு நேரமானது.

"இனிப்புக் கடைக்காரர் இப்பல்லாம் என்ன வேணும்னுகூடக் கேக்கறதில்ல டீச்சர். என்னைப் பாத்ததும் காகிதத்தை எடுத்துடறார்" என்று சிரிக்கப் பார்த்தார். உடன் நின்ற ஹோரியேயும் சிரிக்கப் பார்த்தார். இரண்டு பேராலும் முடியவில்லை.

வெறும் வகுப்பறையில் சின்ன மேசைகளை இழுத்துப் போட்டு நான்கு பேரும் உட்கார்ந்தோம். அவர் முழங்கால்கள் மேசைக்கு அடியில் அடங்கவில்லை. சயோ தொப்பியை மடியில் வைத்திருந்தாள்.

அவர் தொடர்பு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கேள்வி கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பதுபோல் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"டிசம்பர்லேர்ந்து எல்லாம் நல்லதாத்தானே எழுதியிருந்தீங்க. பின்னல் விஷயம் மட்டும் ஏதோ தவறிப்போய்... மத்தபடி பொண்ணு தேறிட்டான்னு நினைச்சேன். அவ அம்மா படத்துக்கிட்டகூடச் சொன்னேன்."

என் முகம் எரிந்தது. ஹோரியே தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன், குவபாரா சார்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். பள்ளி மாற்றும் விண்ணப்பம்.  அன்று மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தபிறகு நகராட்சி அலுவலகத்தில் வாங்கினாராம். அடியில் அவருடைய முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. கட்டத்துக்குள் நேராக.

"தொயாமாவுல எங்க அக்கா இருக்காங்க. ரெண்டு பசங்க. வீட்ல எப்பவும் சத்தமும் சண்டையுமா இருக்கும். இவளுக்கு அதுதான் நல்லது. ஏப்ரல்லேர்ந்து அங்க போகட்டும்."

சயோ தலை நிமிரவில்லை. அவளிடம் இதை முன்பே சொல்லியிருக்கிறாரா என்று கேட்க வாய் வரவில்லை. தொப்பியின் மேல் ஒரு முள்ளங்கியை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள்.

"அவசரப்படாதீங்க" என்றார் ஹோரியே.

"அவசரம் இல்ல சார். எனக்கு இவளை வளர்க்கத் தெரியல. அவ்வளவுதான். இவ அம்மாதான் இவகிட்டப் பேசுவா. நான் வண்டியில நாள் முழுக்க அறிவிப்பு சொல்றேன், வீட்டுக்கு வந்தா வார்த்தையே வர மாட்டேங்குது. எட்டு மணிக்குப் படுக்கணும், மூணரைக்கு எழுந்திரிக்கணும். நோட்டைத் திறப்பேன், முத்திரை வைப்பேன், படுத்துடுவேன்."

"ஆனா அப்பல்லாம் நீளமா பதில் எழுதினீங்களே?" என்றேன்.

"அது நீங்க இவ சேட்டையை எழுதின நாள்ல." அவர் நோட்டைப் புரட்டி மீன்தொட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். வட்டக் கறைகளை விரலால் மறைத்துக்கொண்டார். "அந்த நாள்ல மட்டும் சும்மா படுக்க முடியுமா? தண்டிக்கணும் இல்லையா? இவளைப் பக்கத்துல உக்கார வச்சு, நீங்க எழுதினதைச் சத்தமாப் படிக்கச் சொல்வேன். நான் கண்டிப்பாத்தான் இருந்தேன், டீச்சர். ரெண்டு தடவை படிக்கச் சொல்வேன். படிச்சா தொண்டை வறண்டுடும்னு டீ போட்டு வைப்பேன். அப்புறம் பதில் எழுதணும். எனக்குக் கஷ்டமான எழுத்தெல்லாம் பாதி மறந்துபோச்சு. இவதான் சொல்லித் தருவா. ஒம்பது, ஒம்பதரை ஆயிடும். மறுநாள் வண்டியில கண்ணு சொக்கும்."

அவர் அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார்.

"டிசம்பர்லேர்ந்து நல்லாத் தூங்கினேன்" என்றார்.

 தரையில் துடைத்தும் போகாத ஸ்டூ வாடை இருந்தது. நான் நாற்காலியை விட்டு இறங்கி சயோவின் முன்னால் தரையில் மண்டியிட்டேன். அவள் கண்கள் என் முகத்தில் இல்லை. மேசைமேல் கிடந்த நோட்டில் இருந்தன. இன்றைய தேதியிட்ட பக்கத்தில் நான் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"சயோ, யாரும் உன்னைத் திட்ட மாட்டோம். ஏன் மணியை அமுக்கினே, சொல்லு."

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, இரண்டு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததை மெல்லச் சொன்னாள்:

"மணி அடிச்சாலாவது நீங்க ரெண்டு பக்கம் எழுதுவீங்கன்னு நினைச்சேன், டீச்சர்."