போடுவது சரி, எடுப்பது?

கடையில் எனக்குப் பட்டப்பெயர் சி.ஐ.டி. செல்போன் பழுது பார்ப்பது என் தொழில். ஒன்பது வருஷமாகத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பதால், எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதை எப்படிக் கழற்றுவது என்றுதான் முதலில் யோசிப்பேன். திருகாணி வைத்த போனை நம்புவேன். பசை போட்டு ஒட்டி அனுப்புகிற போனைக் கண்டால் எனக்கு ஆகாது. திறக்கக்கூடாது என்று ஒருத்தன் மெனக்கெட்டிருக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அப்படிப்பட்டவளிடம்தான், மூன்று வருஷத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கைத் தோலுக்கு அடியில் ஒரு குச்சி வைக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

எனக்கு அது தேவையாகவும் இருந்தது. மகளுக்கு ஒன்றேகால் வயது. லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார், சரியாக அந்தப் பத்து நாளில்தான் எனக்கு மாத்திரை மறந்து தொலைக்கும். போன மாதம் எட்டு நாள் தள்ளிப்போய், காலண்டரையே எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொரு பிள்ளை எனக்கு வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். வேண்டும் என்கிற அன்றைக்கு இந்தக் குச்சி வெளியே வருமா, அதுதான் என் கவலை.

நாத்தனார் வேறு வந்து பயமுறுத்தினாள்.

"அண்ணி, அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிடுமாம். அப்புறம் குழந்தையே தங்காதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

இந்த எல்லாரையும் நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை, அதனால் அதையும் நம்பவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்று உடனே சொல்லிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லையே என்று அவர் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. பாவம், அவர் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாராம்.

சனிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் எள் என்றால் எண்ணெயாக நின்றார். வலிக்குமா? ஊசி குத்துற அளவுதான். நகருமா? வச்ச இடத்துல அப்பப்ப தொட்டுப் பார்த்துக்கலாம். பிள்ளை? எடுத்த பிறகு பழையபடி உண்டாகலாம். கடைசியாக ஒன்று கேட்டேன்.

"நடுவுலயே எடுக்கணும்னு தோணினா?"

"ஏம்மா, போடறதுக்கு முன்னாடியே எடுக்கறதைப் பத்திப் பேசறே?" என்று சிரித்தார். கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் இருந்தாள், இருபது வயது இருக்கும். நர்ஸ் அவள் பக்கம் திரும்பியதும் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"மறுபடியும் வந்துட்டியா?"

"எடுத்துடுங்க சிஸ்டர். மாசத்துல இருபது நாள் ரத்தம் படுது. நின்னு வேலை பார்க்க முடியல."

"பழகிடும்னு சொன்னேன்ல? இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, எதுக்கு வீணாக்கறே? போய் உன் புருஷனைக் கூட்டிட்டு வா."

"போடும்போது அவரைக் கேக்கலையே" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதோட மூணாவது தடவை வந்து கேக்கறேன்க்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆழம் தெரியாமல் காலை விட இருந்தேனே!

"சிஸ்டர், முதல்ல இவளுக்கு எடுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்புறம்தான் என் கை."

"உனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே குச்சிதானே?"

நர்ஸ் சுவரைப் பார்த்தார். அந்த மாதம் எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்று அங்கே ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டிருந்தது. எடுத்தவர்களுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. வரிசையில் இருந்த ஐந்தாறு பெண்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"சரி, உள்ள வாங்க" என்றார் நர்ஸ்.

மரத்துப்போக ஒரு ஊசி போட்டார், சின்னதாகக் கீறினார், இடுக்கியால் பிடித்து இழுத்தார். தீக்குச்சி நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் "இவ்வளவுதானா? இவ்வளவுதானா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது கோபம். பத்து நிமிஷ வேலைக்கு மூன்று தடவை அலைய விட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அவள் கேட்டாள் என்று எடுக்கவில்லை, என் கை கிடைக்கும் என்று எடுத்தார்கள். நாளைக்கு நான் வந்து கேட்கும்போது எனக்காக யார் சண்டை போடுவார்கள்?

நர்ஸ் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, "ம், இப்ப உன் முறை" என்றார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் போனேன். "உன் நம்பர் கொடு."

"எதுக்குக்கா?"

"நான் இதை எடுக்கணும்னு வர்ற அன்னிக்கு நீ என்கூட வரணும். எத்தனை வருஷம் ஆனாலும் வரணும். வருவியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னாள். அங்கேயே அழைத்துப் பார்த்தேன். அவள் பைக்குள் மணி அடித்தது. அப்புறம்தான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.